செத்தவீடு சொல்லப் போன கறண்ட் சைக்கிள்

முழங்கால் நோகத் தொடங்கியதும் எங்கள் பகுதி ஆட்களுக்கு என்னுடைய ஞாபகம் வந்துவிடும். ஊரில் முதன்முதலாகக் கறண்ட் சைக்கிள் ஓடியவன் நான் என்று ஒரு பெயர் எனக்கு இருக்கிறது. (முதன்முதலாக அதால் விழுந்தவனும் நான்தான். அதை ஆரும் பெரிதாகச் சொல்வதில்லை.) சந்தையில், கோயில் வீதியில், எங்கே கண்டாலும் மறித்துக் கேட்பார்கள்.

"அண்ணை, மிதிச்சது போதும் எண்டு கிடக்கு. கறண்ட் சைக்கிளுக்கு மாறலாமோ? என்னத்தைக் கவனிக்க வேணும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். போகிற தூரத்துக்கு மட்டும் பற்றரியைக் கணக்குப் பார்க்காதே, திரும்பி வருகிற தூரத்துக்கும் பார். உருட்டும்போது சுவிச்சை நிற்பாட்டு. ஊர் ஆட்களுக்கு ஓடிப் பார்க்கக் கொடாதே. இதெல்லாம் சொல்லி முடிந்த பிறகு இன்னொன்றும் சொல்வேன்: அதில் செத்தவீடு சொல்லப் போகாதே.

பகிடி என்று நினைத்துச் சிரிப்பார்கள். அது பகிடி இல்லை.

சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். ஏ-ஒன்பது பாதை திறந்து, வெளிநாட்டு ஆட்கள் வரவும் சாமான்கள் வரவும் தொடங்கியிருந்தன. எனக்கு நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது. வலது முழங்காலுக்கு அறுபது இருக்கும். முந்திய இடப்பெயர்வு ஒன்றில் ஷெல் துண்டு ஒன்று அதற்குள் வந்து குடியேறியது. எடுத்துவிட்டோம் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். எடுபடவில்லை என்று ஒவ்வொரு மாரிக்கும் முழங்கால் சொல்லும்.

எனக்கு மீன் வியாபாரம். விடிய முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து, பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டி, தண்ணீரூற்று, முள்ளியவளை என்று உள்ளுக்குள்ளே கொண்டுபோய் விற்பேன். மற்ற வியாபாரிகள் "மீனோய்" என்று கூப்பிட்டால் அடுத்த ஒழுங்கைக்குக் கேட்கும். எனக்கு அது வராது. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழும்பி நின்று வாசிக்கச் சொன்ன அன்றைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வீட்டு வாசல் படலையில் நின்று ஹோர்ன் அடிப்பேன். சட்டியோடு பெண்கள் வருவார்கள். விலையைக்கூட விரலால்தான் காட்டுவேன். இருபது வருடம் அப்படியே வியாபாரம் நடந்தது.

சுவிஸில் இருந்து வந்த என் மனைவியின் தம்பி என் முழங்காலைப் பார்த்துவிட்டு, "அத்தான், இனி மிதியாதேங்கோ" என்று சொல்லி, வவுனியாவில் ஒரு கடையில் சீனச் சைக்கிள் ஒன்று வாங்கி லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போனான். சிவப்பு நிறம். பெடலும் உண்டு, மோட்டரும் உண்டு. வலது கைப்பிடியைத் திருகினால் தானாகப் போகும். சீற்றுக்குக் கீழே நாலு செங்கல் பாரத்தில் பற்றரி. எங்கள் பக்கம் அப்போது கறண்ட் இல்லை. பின்னேரத்தில் நெல் ஆலையின் ஜெனரேற்றர் ஓடும்போது, ஊரார் ரீவி பார்க்கிற பற்றரிகளை அங்கே வரிசையாக வைத்துச் சார்ச் போடுவார்கள். ஆஸ்பத்திரி வார்ட்டில் படுத்திருக்கிற நோயாளிகள் மாதிரி இருக்கும். அவற்றுக்கு நடுவில் என்னுடையதும் படுத்திருக்கும்.

முதல் நாளே விழுந்தேன். எங்கள் ஆட்கள் சைக்கிளில் ஏறுகிற விதம் உங்களுக்குத் தெரியும். இடக்காலைப் பெடலில் வைத்து, வலக்காலால் நாலைந்து தரம் நிலத்தை உந்தி, ஓடுகிற சைக்கிளில் காலைத் தூக்கிப் போடுவது. முப்பது வருடப் பழக்கம். உந்தும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிப்போம், இல்லையா? இதில் இறுக்கிப் பிடித்தால் அது கிளம்பிவிடும். கிளம்பியது. நான் ஒரு காலில் கூடவே கெந்திக் கெந்தி ஓடினேன். கையை விட்டால் நிற்கும் என்று மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தென்னோலைக் கிடுகு வேலி இரண்டு பேரையும் நிற்பாட்டியது. (ஆகவே, வயது போன ஆட்கள் முதலில் சீற்றில் வடிவாக ஏறி இருந்துவிட்டுத்தான் சுவிச்சைப் போடவேண்டும். அந்த வேலிக்குக் கிடுகு வாங்கிக் கொடுத்தவன் சொல்கிறேன்.)

இரண்டாவது கரைச்சல் காலைப் பற்றியது. கால் அசையாமல் சைக்கிளில் போகிற மனிதனை ஊர் கண்டதில்லை. கிணற்றடியில் நிற்கிற பெண்கள் வாளியைப் பாதியில் விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். "பாவம், காலுக்கு ஏதோ செய்திட்டுது போல" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்த பிறகு, ஆட்களைக் கண்டால் சும்மா மிதிக்கத் தொடங்கினேன். ஊர் முழுக்க ஆட்கள். அதனால் பழைய சைக்கிளில் மிதித்ததைவிடக் கூட மிதித்தேன்.

"பேந்து என்னத்துக்கு இந்தக் கறண்ட் சைக்கிள்?" என்றாள் மனைவி தவம்.

இப்படி இருக்கும்போதுதான் அவளுடைய தாய் ராசம்மா, என் மாமியார், படுக்கையில் விழுந்தா.

மாமியாருக்கு ஒரு தம்பி, செல்லத்துரை மாமா. முத்தையன்கட்டில் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர். எங்கள் கலியாணத்தின்போது பாதையெல்லாம் சண்டை. அவரிடம் நேரில் போய்ச் சொல்ல முடியாமல், அந்தப் பக்கம் போன லொறிக்காரர் ஒருவரிடம் மாமியார் சொல்லி அனுப்பினா. "தாய்மாமனுக்குக் கலியாணம் சொல்ல லொறிக்காரனோ?" என்று கேட்டுவிட்டு அவர் வரவில்லை. அன்றைக்கு நின்ற கதைபேச்சு. அக்காவும் தம்பியும் ஒரே மாவட்டத்தில் இருந்துகொண்டு, இருபது வருடம் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

படுக்கையில் கிடந்த மாமியார் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்டா. "தம்பி வந்திட்டானோ?"

"ஒருக்காப் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோவன்" என்று தவம் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் நாளைக்கு என்றேன். முன்பின் போகாத படலையில் போய் நின்று என்ன கதைப்பது? அடுத்த நாள் பற்றரி சார்ச் இல்லை என்றேன். அதற்கடுத்த நாள் பற்றரி சார்ச் ஆகியிருந்தது. அன்றைக்கு விடியும்போது மாமியார் மோசம் போனா.

மோட்டார்சைக்கிள் வைத்திருந்த ஆட்கள் புதுக்குடியிருப்பு, கிளிநொச்சி, வவுனியா என்று செத்தவீடு சொல்லப் பிரிந்து போனார்கள். தவம் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் கதை தெளிவாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, மாமாட்டை நீங்கள்தான் போகவேணும். வேற ஆரிட்டையும் சொல்லி அனுப்பினா அவர் இனிச் சென்மத்துக்கும் வரார்."

"என்னெண்டு சொல்லுறது?"

"அம்மா மோசம் போட்டா எண்டு சொல்லுங்கோ. வேறென்ன சொல்லுறது? படலையில நிண்டே சொல்லுங்கோ. உள்ளுக்குப் போகாதேங்கோ. தண்ணி வெந்நி ஒண்டும் குடியாதேங்கோ. பின்னேரம் எடுக்க வேணுமாம். மாமா முகம் பாக்காமல் எடுக்க விடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

கறண்ட் சைக்கிளில் போகச் சொன்னது கூடியிருந்த ஆட்கள். "பறந்து போட்டு வரலாம்" என்றார்கள். சுவிஸ்காரத் தம்பி தந்த வெள்ளைச் சேட்டு ஒன்று ஸ்திரி போட்டுக் கொடியில் தொங்கியது. கைக்கு அகப்பட்டதைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.

நல்ல வெள்ளாப்பு, வெயில் ஏறாத நேரம். ஒட்டுசுட்டான் பாதையில் இரண்டு பக்கமும் காடு. ஆட்கள் இல்லாதபடியால் மிதிக்கிற நடிப்பும் தேவைப்படவில்லை. மயில் ஒன்று பாதையைக் கடந்து போனது. சைக்கிள் சத்தமில்லாமல் ஓடியது. நான் மரங்களைப் பார்த்துச் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். "மாமா, உங்கட அக்கா மோசம் போட்டா." பாலை மரத்துக்குச் சொன்னேன், வீரை மரத்துக்குச் சொன்னேன். ஒரு இடத்திலும் நாக்குத் தடக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை விளக்கவேண்டும். அதற்கு முந்தியும் நான் எத்தனையோ செத்தவீடு சொல்லப் போயிருக்கிறேன். மீன்காரன், பாதையெல்லாம் தெரிந்தவன் என்று என்னைத்தான் அனுப்புவார்கள். ஆனால் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. சொல்லத் தேவை வந்ததில்லை. விடியக் காலமை ஒருவன் வியர்வையில் சேட்டு உடம்போடு ஒட்ட, மூச்சு இளைக்க இளைக்க மிதித்து வந்து, ஸ்ராண்ட் போடாமல் சைக்கிளை வேலியில் சாத்தினால் அந்த வீட்டுப் பெண்களுக்கு விளங்கிவிடும். நான் வாயைத் திறக்க முதலே "ஐயோ, ஆரடா?" என்று குழறத் தொடங்கிவிடுவார்கள். நான் மூச்சு வாங்குவதற்கு நடுவில் பெயரை மட்டும் சொன்னால் போதும். சில வீடுகளில் அதுவும் தேவைப்படாது.

அன்றைக்கு நான் முத்தையன்கட்டில் போய் இறங்கியபோது மூச்சு இளைக்கவில்லை. ஒரு சொட்டு வியர்வை இல்லை. குளத்துக் காற்றில் முகம் குளிர்ந்து, வாரிய தலை கலையாமல், ஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு சிவப்புப் புதுச் சைக்கிளை ஸ்ராண்டில் வடிவாக நிற்பாட்டினேன். போதாக்குறைக்குப் படலையைக் கண்டதும் இருபது வருடக் கை தன் பழக்கத்தில் ஹோர்னை அமத்திவிட்டது.

மாமாவின் மனைவி பூரணம் மாமி சட்டியோடு வெளியில் வந்தா. "என்ன மீன் தம்பி?"

"மீன் இல்லை."

"மீன் இல்லாட்டி என்னத்துக்கு ஹோர்ன் அடிச்சனீர்?"

அதற்குள் சால்வையை உதறிக்கொண்டு மாமா வந்துவிட்டார். நெடுத்த மனிதன், பெரிய மீசை. என்னைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார்.

"இது எங்கட தவத்தின்ர மனுசனெல்லே. முந்திச் சந்தையில ஆரோ காட்டினவை."

"ஓம் மாமா" என்றேன். அடுத்தது அந்த வசனம். வாயைத் திறந்தேன். மரங்களுக்குச் சொன்ன வசனம் வரவில்லை.

"அக்கா அனுப்பினவாவோ?" என்றார் மாமா.

பொய் என்றும் சொல்ல ஏலாது, மெய் என்றும் சொல்ல ஏலாது. "ஓம்" என்றேன்.

அந்தப் பெரிய மீசை ஆடியது. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு சால்வையால் துடைத்தார். "பொங்கலுக்குக் கூப்பிடத்தானே? எனக்குத் தெரியும். இந்த முறை கூப்பிடுவா எண்டு எனக்கு மனசில பட்டது." வற்றாப்பளை அம்மன் பொங்கல் கிட்டி வந்துகொண்டிருந்தது. சின்ன வயதில் அக்காவும் தம்பியும் அந்தப் பொங்கலுக்கு நடந்தே போய் வந்த ஆட்கள் என்று தவம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"மாமா..." என்றேன்.

"பூரணம், அந்தச் சிவத்தக் கோழியைப் பிடி."

"கோழி வேண்டாம் மாமா."

"ஏன், மீன் விக்கிற மருமோன் மரக்கறியோ? வாரும், உள்ளுக்கு வாரும். படலையில நிக்கிறதுக்கு நீர் என்ன கடன் கேட்டு வந்தனீரோ?"

கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினார். தேத்தண்ணி வந்தது. இரண்டு மிடறு குடித்த பிறகுதான் தவம் சொன்னது ஞாபகம் வந்தது. பாதியில் வைக்க முடியுமா? மிச்சத்தையும் குடித்தேன்.

சைக்கிளைப் பார்க்க அயல் வயல்காரர்கள் கூடிவிட்டார்கள். எல்லாரும் என் வயதும் அதற்கு மேலும். எல்லாருக்கும் முழங்கால். ஒருவர் சக்கரத்தைத் தடவினார். ஒருவர் குனிந்து மோட்டரை மணந்து பார்த்தார்.

"தம்பி, மழைக்கு உது கறண்ட் அடியாதோ?"

"அடியாது அண்ணை. ஆனா வெள்ளத்துக்குள்ள விடப்படாது."

"நெல்லு மூட்டை ஏத்தலாமோ?"

"ஒரு மூட்டை. ரெண்டு ஏத்தினா பற்றரி பாதி வழியில படுத்திடும்."

"மண் ஒழுங்கையில?"

"மண்ணுக்கு மெல்ல முறுக்க வேணும். ஒரேயடியா முறுக்கினா பின்சில்லு தோண்டும்."

நான் கதைத்தேன். சீவியத்தில் அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்ததில்லை. சீற்றில் இருந்த பிறகு சுவிச்சைப் போடவேண்டும் என்றேன். பற்றரியை முழுக்க இறங்க விட்டால் அது பழுதாகும் என்றேன். வேலிக் கதையைச் சொல்லி அவர்களைச் சிரிக்கவும் வைத்தேன். முள்ளியவளையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாமியார் வெள்ளைச் சீலையோடு கிடக்கிறா. நான் முத்தையன்கட்டில் ஆட்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு ஒவ்வொருவராக ஓடிப் பார்த்தார்கள். வாய்க்கால் கட்டால் போய்த் திரும்பினார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் மாமா ஏறினார். குளக்கட்டின் மேல் ஏறி அந்தத் தொங்கல் வரைக்கும் போய் வந்தார். சாரம் காற்றில் பறக்க, அறுபத்தைந்து வயது மனிதன் பொடியனைப் போலச் சிரித்துக்கொண்டு வந்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் போய் நின்று எப்படிச் சொல்வது?

"மருமோன், நான் பொங்கல் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கமாட்டன். இப்பவே உம்மோட வாறன். அக்காவைப் பாக்க வேணும்" என்றார்.

எனக்குப் போன உயிர் வந்தது. ஆள் வருகிறார். அதுதானே தேவை. வழியில் சொல்லிவிடலாம், முகத்தைப் பார்க்காமல், முன்னால் பார்த்துக்கொண்டு சொல்வது லேசு. (கூச்சக்காரனுக்குக் கூச்சம் கொடுக்கிற மூளை அவ்வளவுதான்.)

அவர் குளித்தார், முகம் வழித்தார். பச்சைக் கரை போட்ட பட்டு வேட்டி கட்டினார். சந்தனம் வைத்தார். காட்டுத் தேன் ஒரு போத்தல் எடுத்து, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டினார். "அக்காவுக்குத் தேன் எண்டா உயிர்" என்றார். கச்சான் கடலை அரை மூட்டையையும் கரியரில் கட்டி, அதற்கு மேல் தானும் ஏறி இருந்தார். நாங்கள் வெளிக்கிடும்போது உச்சி வெயில்.

பற்றரியின் அளவு காட்டுகிற பச்சை வெளிச்சம் மஞ்சளாகியது. ஒட்டுசுட்டான் தாண்டினவுடன் மஞ்சள் சிவப்பாகியது. அதற்குப் பிறகு கொஞ்சத் தூரம் சைக்கிள் தூக்கக் கலக்கத்தில் நடக்கிற ஆளைப்போலப் போனது. காட்டுக்கு நடுவில் நின்றுவிட்டது.

மாறப்போகிற ஆட்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பற்றரி இறங்கிய கறண்ட் சைக்கிளை மிதிக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். மிதிக்கலாம்தான். சேற்றுக்குள் உழவு மாட்டைக் காலால் தள்ளலாம் என்று சொல்வது மாதிரி. நான் மிதித்தேன், முழங்கால் விடவில்லை. மாமா மிதித்தார், நான் பின்னால் இருந்தேன், அதுவும் ஏலாமல் போனது. பிறகு இரண்டு பேரும் உருட்டினோம். அந்த வழியில் போன ஒரேயொரு லொறியும் மரக்குற்றி ஏற்றிக்கொண்டு மற்றத் திசையால் போனது.

மாமா சலிக்கவில்லை. கதை சொல்லிக்கொண்டே உருட்டினார். "என்னைத் தூக்கி வளத்தது அவதான். எங்கட அம்மாவுக்கு வயல் வேலை. எனக்கு அம்மை போட்டு ஒருத்தரும் கிட்ட வராத நேரம், வேப்பிலையோட பக்கத்திலயே கிடந்தவ. அவவுக்கும் போட்டது. அந்தத் தழும்பு இப்பவும் நெத்தியில இருக்கோ?"

"இருக்கு மாமா."

"லொறிக்காரன் கதையை நான் எப்பவோ மறந்திட்டன் மருமோன். ஆர் முதல் போறது எண்டுதான்..."

"மாமா" என்றேன்.

"ம்?"

"வெயில் கூடிப்போச்சு."

"ஓம், நீர் நல்லாக் களைச்சுப் போனீர். சேட்டெல்லாம் நனைஞ்சிட்டு. கொஞ்சம் இரும்."

உண்மைதான். அப்போது நான் வியர்வையில் தோய்ந்து, மூச்சு இளைக்க இளைக்க நின்றேன். பார்க்கிற எவருக்கும் செத்தவீடு சொல்ல வந்தவன் என்று விளங்கியிருக்கும். ஆனால் அவர் அந்த வியர்வைக்குக் காரணம் தெரிந்த மனிதன்.

நிழல் நீளத் தொடங்கிய நேரம், எதிர்ப் பக்கத்தால் மோட்டார்சைக்கிள் ஒன்று வந்தது. எங்கள் அயல்வீட்டுக் குணம். என்னைத் தேடிப் பார்க்கச் சொல்லித் தவம் அனுப்பியிருக்கிறாள். கிட்ட வந்து நிற்பாட்டி, காலை ஊன்றிக்கொண்டு சத்தம் போட்டான்.

"அண்ணை, இஞ்ச நிண்டு என்ன செய்யிறியள்? அங்க பெட்டி மூடப் போயினம். தவமக்கா பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு விடுறா இல்லை."

"ஆரின்ர பெட்டி?" என்று கேட்டார் மாமா.

குணம் அவருடைய பட்டு வேட்டியைப் பார்த்தான், நெற்றிச் சந்தனத்தைப் பார்த்தான், கையில் இருந்த தேன் போத்தலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் சைக்கிளின் முன்சில்லைப் பார்த்தேன்.

"ராசம்மா ஆச்சி, ஐயா" என்றான் மெதுவாக.

மாமா கத்தவில்லை. எனக்கு அடிக்கவும் இல்லை. அடித்திருக்கலாம். "எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

"விடியப்புறம்."

"இவர் எப்ப அங்கயிருந்து வெளிக்கிட்டவர்?"

"விடியவே வெளிக்கிட்டிட்டார் ஐயா."

மாமா புறங்கையால் சந்தனத்தை அழித்துவிட்டு, மோட்டார்சைக்கிளில் ஏறினார். போத்தலைக் கீழே வைக்கவில்லை. "நீர் உருட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

உருட்டிக்கொண்டு போனேன்.

மிச்சம் பிறகு கேட்டுத் தெரிந்ததுதான். தவம் ஏலுமானவரை மறித்துப் பார்த்திருக்கிறாள். மாமா வருவார், இவர் சொல்லப் போனவர், இவர் கூட்டிக்கொண்டு வருவார் என்று என்னை நம்பி மறித்திருக்கிறாள். இருட்ட முதல் எரிக்கவேண்டும் என்று பெரியவர்கள் அவளுடைய கையைப் பிரித்துவிட்டுப் பெட்டியை எடுத்தார்கள். குணம் வீட்டுக்குப் போகாமல் நேரே சுடலைக்குத்தான் விட்டான். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கொள்ளி வைத்தாகிவிட்டது. பட்டு வேட்டியும் தேன் போத்தலுமாக அந்த மனிதன் நெருப்புக்கு முன்னால் நின்றாராம். ஆரோ சேட்டைக் கழற்றச் சொன்னார்களாம். போத்தலை வாங்கப் போன ஆளுக்கு அவர் கொடுக்கவில்லையாம்.

நான் வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்து முற்றம் கழுவி முடிந்திருந்தது. மாமா விறாந்தையில் இருந்தார். தேன் போத்தலைத் தவத்திடம் கொடுத்து, "அக்காவுக்கெண்டு கொண்டந்தனான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தவம் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பதான் வாறியளோ?" என்றாள். எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு வரைக்கும் என்னோடு அவள் கதைத்த கடைசி வசனம் அதுதான்.

எட்டுச் செலவுக்கு மாமா வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பூரணம் மாமியையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்தார். செத்த ஆளுக்குப் படைத்து, பந்தி வைத்து, எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம், வவுனியாவில் இருந்து வந்த ஒருவர் சும்மா ஒரு கேள்வி கேட்டார்.

"செல்லத்துரை அண்ணை, உங்களுக்கு எப்பிடித் தகவல் வந்தது?"

மாமா என்னைப் பார்த்தார். நான் பந்திப் பாயைச் சுருட்டத் தொடங்கினேன்.

"தகவலோ? நல்ல வடிவாத்தான் வந்தது. ஸ்திரி போட்ட சேட்டோட, கறண்ட் சைக்கிளில வந்து, ஹோர்ன் அடிச்சது. எங்கட ஆள் மீனெண்டு சட்டியோட ஓடினா. நான் கோழி அடிக்க வெளிக்கிட்டன். தகவல் தேத்தண்ணி குடிச்சது. பிறகு அயலட்டைக்கெல்லாம் பற்றரியைப் பற்றிப் பிரசங்கம் வைச்சது."

முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. பூரணம் மாமிதான் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தொடங்கினா. பிறகு குணம். பிறகு பந்தல் முழுக்க. குசினி வாசலில் நின்ற தவமும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கீழே இருந்துவிட்டாள். பிறகு அது அழுகையாகப் போய், பெண்கள் வந்து பிடிக்கவேண்டியிருந்தது. மாமா எழும்பிப் போய் அவளுடைய தலையில் கையை வைத்தார். "அழாதை. அக்கா கூப்பிட்டவ, நான் வந்தனான். இவர் அதைச் சரியாத்தான் சொன்னவர்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த வீட்டுப் படலைக்கு நான் போனாலும், வாங்கோ என்று சொல்ல முதல் உள்ளேயிருந்து ஒரு கேள்வி வரும். "படலையிலயே சொல்லுங்கோ. ஆரும் செத்ததோ, சும்மாவோ?" நான் சும்மா என்று சொன்ன பிறகுதான் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் ஏறும். கலியாணம் சொல்லப் போனாலும் அதே கேள்விதான். சின்னப் பிள்ளைகளும் கேட்கும். தவம் என்னோடு வந்தால் அவளே முந்திக்கொண்டு, "சும்மாதான், அடுப்பை மூட்டுங்கோ" என்று தெருவிலிருந்தே சொல்வாள்.

பிறகு சமாதானம் முடிந்தது. கடைசி இடப்பெயர்வில் கறண்ட் சைக்கிளை மாமரத்தடியில் விட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டோம். ஜெனரேற்றருக்கு எண்ணெய் இல்லாமல் போய்ப் பற்றரி செத்து நெடுநாள். பழைய மிதி சைக்கிள்தான் அரிசியையும் தறப்பாளையும் சட்டி பானையையும் சுமந்து, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று எங்களோடு வந்தது. (சக்தி இல்லாமல் போனாலும் உருளுமா என்று பார்த்து வாங்குங்கள் என்று நான் ஆட்களுக்குச் சொல்வது அதனால்தான்.) மாமாவின் குடும்பமும் எங்களோடுதான். மாத்தளனில் பூரணம் மாமி மோசம் போனா. அதற்கு முந்தியே குணம் போனான். ஆருக்கும் ஆரும் போய்ச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. எல்லாம் எல்லாருக்கும் முன்னால் நடந்தது.

முகாமில் இருந்த காலத்திலும், ஊருக்குத் திரும்பிய பிறகும் என்னை ஒருவரும் அந்தக் கேள்வி கேட்கவில்லை. மறந்துபோய் இல்லை. கேட்டால் பதில் இருந்தது.

மாமா முத்தையன்கட்டில் தகரக் கொட்டில் ஒன்றில் தனியே இருந்தார். நான் இடைக்கிடை மிதி சைக்கிளில் மீன் கொண்டுபோய்க் கொடுப்பேன். படலை இல்லை, இரண்டு தடி மட்டும் நட்டிருந்தது. போவேன், இருப்போம், இரண்டு பேரும் வயலைப் பார்ப்போம், வருவேன். அவரும் கதைக்க மாட்டார், நான் எப்போதும் கதைக்காதவன்.

ஒரு நாள் அந்தத் தடியில் சைக்கிளைச் சாத்தும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மருமோன், அங்கயே நிண்டு சொல்லும். ஆரும் செத்ததோ?"

நான் அப்படியே நின்றேன். யோசித்துப் பார்த்தேன். அந்தக் கிழமை இல்லை. அதற்கு முந்திய கிழமையும் இல்லை.

"ஒருத்தரும் இல்லை மாமா. சும்மாதான் வந்தனான்."

"அப்ப வாரும்" என்றார்.

தானே அடுப்பை மூட்டித் தேத்தண்ணி ஊற்றினார். சீனி என்று நினைத்து உப்பைப் போட்டுவிட்டார் போல. கோப்பையைத் தந்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழுவதையும் குடித்தேன்.